நாற்பத்தைந்தாயிரம் சொன்ன வீடு

வெள்ளிக்கிழமைக் காலை, கூட்ட அறையின் பெரிய திரையில் தன் வீட்டுச் சமையலறையைப் பார்த்ததும் கேரல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சந்தேகமே இல்லை, அவள் சமையலறைதான். கைப்பிடி உடைந்து கயிறு சுற்றிய குக்கர், ஜன்னல் கம்பியில் தொங்கும் கரித்துணி, போன கிறிஸ்துமஸுக்கு ஒட்டி இன்னும் கிழிக்காத காகித நட்சத்திரம். அதன் கீழே, 'காக்ஸ் டவுன், இரண்டு படுக்கையறை, வாடகை நாற்பத்தைந்தாயிரம்' என்று போட்டிருந்தது.

"இந்த ஒரு ஏரியாவை மட்டும் பாருங்க," என்றார் ஸ்ரீகண்டன். அவளுடைய மேலதிகாரி. "மூணே மாசத்துல வாடகை பாதிக்கு மேல ஏறியிருக்கு. மெட்ரோ வரப்போற எஃபெக்ட். இதையே தலைப்புச் செய்தியாக்கிடலாம். சாயங்காலம் பத்திரிகைக்குப் போயிடணும்."

பெங்களூரில் எந்தப் பக்கம் வீட்டு விலை ஏறும், எந்தப் பக்கம் வாடகை படுக்கும் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை விடும் நிறுவனம் அது. கேரல் அங்கே சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. இந்த ஊரில் பாதிப்பேர் ஜாதகத்தை நம்புகிறார்கள், மீதிப்பேர் இந்த மாதிரி அறிக்கைகளை நம்புகிறார்கள். இரண்டிலும் பலிக்காமல் போனதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதால் இரண்டு தொழிலும் நன்றாகவே நடக்கின்றன.

ஆனால் அறிக்கையின் நடுவில் தன் கரித்துணியே தொங்குவதைப் பார்க்கும் நிலைமை ஜோசியர்களுக்கு வருவதில்லை.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்த வினை. கேரலும் அவள் புருஷன் ஓஸ்வால்டும் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறார்கள். கீழே வீட்டுக்காரர் ஆண்ட்ரூ, மனைவி போனபிறகு தனி ஆள். மகன் ஜாய்சன் கனடாவில். அன்று சர்ச்சில் பூசை முடிந்து மேலே வந்த ஆண்ட்ரூ, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"ஜாய்சன் தினமும் போன் பண்ணி பேஜார் பண்றான்பா. ஊரெல்லாம் வாடகை எங்கியோ போயிடுச்சாம், நான் மட்டும் இருபத்தாறை வாங்கிகினு உக்காந்திருக்கேனாம்."

ஓஸ்வால்ட் பள்ளிக்கூட வாத்தியார். யார் என்ன சொன்னாலும் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. "யார் அங்கிள் தருவா? இந்தச் சந்துக்கா? கார் திரும்பாது, லிஃப்ட் கிடையாது. வேணும்னா நாப்பத்தஞ்சுன்னு விளம்பரம் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஈ காக்கா வராது."

"வந்தா?"

"வந்தா நாங்க காலி பண்ணிடறோம். வரலைன்னா பழைய வாடகை. ஒரு வாரம், சரியா?"

கேரல் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவும் செய்தாள், ஆனால் புருஷனுக்குத்தான் ஒத்து ஊதினாள். "எங்க ஆபீஸ் கணக்குப்படி இந்தப் பக்கம் முப்பத்திரண்டைத் தாண்டாது அங்கிள்," என்றாள். தான் போட்ட கணக்கைத் தானே நம்பினாள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்யக்கூடாத காரியம் அது ஒன்றுதான்.

போனில் பேசினால் ஆண்ட்ரூவுக்குச் சரியாகக் காது கேட்காது. அதனால் இணையத்தில் போட்ட விளம்பரத்தில் ஓஸ்வால்ட் தன் நம்பரையே கொடுத்தான். படங்களையும் அவனே எடுத்தான்.

அவர்கள் பந்தயம் கட்டும்போது ஆஞ்சலா உள்ளே இருந்தாள். ஓஸ்வால்டின் தங்கை, அவர்களோடுதான் இருக்கிறாள். வங்கியில் வேலையாக இருந்தவளுக்கு விழித்திரை நோய் வந்து சில வருடங்களில் இரண்டு கண்ணும் போயிற்று. இப்போது மாதா கோவிலில் ஆர்கன் வாசிக்கிறாள், தெருப்பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருகிறாள். இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் மூடியில்லாத சாக்கடையில் விழுந்து முன்பல் உடைந்தது. வண்டிக்காரன் ஒருவன் திட்டினான், நாய் துரத்தியது. அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. பேக்கரியின் வாசனை, தையல்காரர் மெஷினின் சத்தம், எந்த வீட்டுக்காரர் காரை நடைபாதைமேல் ஏற்றி நிறுத்துவார், எந்தக் கல் காலைத் தடுக்கிவிடும் என்று வருடக்கணக்கில் படித்து வைத்திருந்தாள். இன்று அவள் தனியாகக் கோவிலுக்குப் போகிறாள், தனியாக முட்டை வாங்கி வருகிறாள், முட்டைக்காரனோடு தனியாகச் சண்டையும் போடுகிறாள். வேறு தெரு என்றால் எல்லாம் முதலிலிருந்து. இன்னொரு தடவை தன்னால் முடியாது என்று அவளே ஒரு நாள் சொல்லியிருந்தாள். சுலபத்தில் அப்படிச் சொல்லுகிறவள் அல்ல.

அந்த வீட்டைத்தான் வாத்தியார் பந்தயத்தில் வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் கேரல் தன் மேஜைக்கு ஓடினாள். அந்தத் தெருவுக்கு வந்திருந்த விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பதினோரு விளம்பரம். பதினொன்றிலும் அதே குக்கர். ஓஸ்வால்ட் போட்டதை ஊரிலுள்ள தரகர்கள் காப்பியடித்து, ஆளுக்கொரு நம்பர் போட்டு, சிலர் இரண்டாயிரம் மூவாயிரம் கூட்டியும் போட்டிருந்தார்கள். அலுவலகக் கம்ப்யூட்டர் அதையெல்லாம் பதினோரு வீடு என்று எண்ணி, 'இந்தப் பகுதி பறக்கிறது' என்று முடிவு கட்டிவிட்டது.

இது வெளியே போனால் தெருவிலுள்ள அத்தனை வீட்டுக்காரர்களும் நாற்பத்தைந்து கேட்பார்கள். கேட்டால் கொடுக்கவும் ஆள் வரும். அறிக்கையே சொல்கிறதே!

தாழ்வாரத்துக்குப் போய் ஓஸ்வால்டைக் கூப்பிட்டாள். பள்ளியில் இடைவேளை, பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"ஒரே கேள்வி. வீட்டுக்கு யாராவது போன் பண்ணாங்களா?"

"யாரு பண்ணுவா? ஒருத்தர்கூட இல்ல."

"நிஜமாவா? இதை நம்பி நான் எழுதித் தரப்போறேன்."

"அட, இல்லைன்னா இல்ல. கிளாஸுக்கு டைமாச்சு."

கேரல் ஸ்ரீகண்டன் அறைக்குள் நுழைந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "சார், அந்தத் தெரு விலை பொய். அது எங்க வீடு. விளம்பரம் போட்டது என் ஹஸ்பெண்ட்."

அவர் படத்தைப் பெரிதாக்கிக் குக்கரைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு விளையாட வேற இடம் கிடைக்கலையா? இது வெளியில தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? நம்ம ரிப்போர்ட்டை நாமளே சமைக்கிறோம்னு சொல்லுவாங்க. உங்க சீட்டும் போகும், என் சீட்டும் போகும்."

"அதான் சார் இப்பவே சொல்றேன்."

"அந்த வாடகைக்கு ஒருத்தரும் வரலையே? அது உறுதியா?"

"உறுதி சார். இப்பதான் கேட்டேன்."

"அப்ப அதை நீங்களே எழுதி, உங்க பேர்ல எனக்கு மெயில் போடுங்க. அந்த ஏரியாவுல வாடகை ஏறினதுக்கு எந்த ஆதாரமும் இல்லைன்னு ரிப்போர்ட்லயும் ஒரு வரி சேர்த்துடுங்க. தலைப்புச் செய்திக்கு வேற இடம் தேடறேன்." அவள் கதவருகே போனதும், "நல்லவேளை சொன்னீங்க," என்றார்.

கேரல் எழுதினாள். 'விசாரித்ததில், காக்ஸ் டவுனில் நாற்பத்தைந்தாயிரத்துக்குக் குடிவர எவரும் முன்வரவில்லை.' தன் பெயரைப் போட்டு மெயில் அனுப்பினாள், அதே வரியை அறிக்கையிலும் சேர்த்தாள். சாயங்காலம் அறிக்கை வெளியே போயிற்று. வேலையும் தப்பித்தது, வீடும் தப்பித்தது என்று பஸ்ஸில் வரும்போதே மனம் லேசாகிவிட்டது. பாவம், இறங்கும்வரைக்கும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

வாசலில் ஆண்ட்ரூ நின்றிருந்தார். "யாராச்சும் போன் பண்ணாங்களாம்மா?" என்று கேட்டார். இந்த வாரம் முழுக்க இதே கேள்விதான். கேட்கும்போது முகத்தில் ஒரு ஆசை வேறு. இத்தனை வருடம் பழகிய மனுஷனுக்குக் காசு என்றதும் கண் எப்படி மின்னுகிறது பார் என்று கேரலுக்கு எரிச்சலாக வந்தது.

"இல்ல அங்கிள். எங்க ரிப்போர்ட்லயே இருக்கு, இந்தப் பக்கம் ஒண்ணும் ஏறலை."

"வந்துடுச்சா ரிப்போர்ட்? அனுப்பும்மா, படிக்கிறேன்." ஒவ்வொரு தடவையும் அவள் அறிக்கையை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வேதாகமம் மாதிரி வரி வரியாகப் படிப்பார். படியில் நின்றபடியே அனுப்பிவிட்டு மேலே போனாள்.

ஓஸ்வால்ட் குளித்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேஜையில் அவன் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. பெயரில்லாத நம்பர். கேரல் எடுத்தாள்.

"ஹலோ, காக்ஸ் டவுன் வீடு விஷயமா..." ஒரு இளம்பெண்ணின் குரல், கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ். "என் பேரு தீபிகாங்க. நேத்து சார் வீடு போயிடுச்சுன்னு சொன்னாருங்க. ஆனா விளம்பரம் இன்னும் இருக்குதுங்களே? நாங்க எலெக்ட்ரானிக் சிட்டிலதான் வேலை. வாரத்துக்கு ரெண்டு நாள் போனாப் போதும், அதனால தூரம் ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க. இங்க அபார்ட்மென்ட்ல தண்ணி லாரிக்கே பாதி சம்பளம் போவுது. உங்க வீட்டு போட்டோல மரமெல்லாம் தெரியுதுங்க. நாப்பத்தஞ்சு எங்களுக்குச் சரிங்க. நாளைக்கே வந்து அட்வான்ஸ் குடுத்துடறோம்."

கேரல் குளியலறைக் கதவைப் பார்த்தாள். "வீடு... போயிடுச்சும்மா," என்று சொல்லிவிட்டு வைத்தாள். வைத்தபிறகுதான் தானும் அதையே சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

போனைத் திறந்து பார்த்தாள். திங்கட்கிழமையிலிருந்து பெயரில்லாத நம்பர்கள், திரையைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

துண்டோடு வெளியே வந்த ஓஸ்வால்ட் அவள் கையிலிருந்ததைப் பார்த்து அப்படியே நின்றான். பக்கத்து அறையில் ஆஞ்சலா ஞாயிறு பூசைக்கான பாட்டைக் கீபோர்டில் பழகிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தின் மறைவில் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்கள்.

"ஒருத்தர்கூட இல்லைன்னு சொன்னியே! நான் எழுதிக் கொடுத்துட்டேன். என் பேர்ல. ரிப்போர்ட்ல போட்டாச்சு."

"நான் என்ன பண்றது? முதல் நாளே இருபது பேர். அங்கிள்கிட்ட சொன்னா வீட்டைக் காலி பண்ணணும். ஆஞ்சலாவை எங்க கூட்டிட்டுப் போறது? நீ சொல்லு."

"பந்தயம் கட்டும்போது ஆஞ்சலா ஞாபகம் வரலையா?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஈரத் தலையோடு அவனைப் பார்க்கக் கோபமும் வந்தது, பரிதாபமாகவும் இருந்தது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும்தானே கேரல். கொஞ்சம் சும்மா இரு. உன் ஆபீஸுக்கு யாரு சொல்லப்போறா?"

ஸ்ரீகண்டனுக்கு அப்போதே போன் போட்டிருக்கலாம். போட்டால் வேலை போகும். ஆண்ட்ரூவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வீடு போகும். கேரல் இரண்டையும் செய்யவில்லை. பொய் என்று அவள் நீக்கிய விலைதான் நிஜ விலை. அவள் கையெழுத்திட்ட வரிதான் பொய். சனிக்கிழமை முழுவதும் அது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தால்கூடத் திடுக்கிட்டாள். கீழே ஆண்ட்ரூவின் இரும்புக் கதவு மத்தியானம் ஒருமுறை திறந்தது, சாயங்காலம் மூடியது. அவர் எங்கோ போய்வந்தார். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிறு பூசைக்குப் பிறகு, சொன்னபடி ஆண்ட்ரூ மேலே வந்தார். கையில் பேக்கரிப் பொட்டலம், பஃப்ஸ் வாசனை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், முகம் மட்டும் வாடியிருந்தது. ஆஞ்சலா அறையில் இருந்தாள், கதவு திறந்துதான் இருந்தது.

"வாரம் முடிஞ்சுது," என்றார். "சொல்லுப்பா. எவ்வளவு பேர்?"

கேரல் ஓஸ்வால்டைப் பார்த்தாள். இப்போதாவது சொல், சொல்லிவிடு, என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவனும் அவளைத்தான் பார்த்தான்.

"ஒருத்தரும் வரலை அங்கிள்," என்றான்.

கேரலும் அதைத் திருத்தவில்லை.

ஆண்ட்ரூ மெதுவாகத் தலையாட்டினார். "தெரியும். கேரல் ரிப்போர்ட்டுல அன்னைக்கே படிச்சிட்டேன். ஜாய்சனுக்கும் அனுப்பினேன்." பொட்டலத்தின் நூலைப் பிரிக்கப் பார்த்தார், விரல்கள் ஒத்துழைக்கவில்லை, விட்டுவிட்டார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம இருந்துட்டேன். ரெண்டு வருஷமா ஒரு பில்டர் பின்னாலயே சுத்திகினு இருந்தான். இந்த வீட்டை இடிச்சிட்டு அபார்ட்மென்ட் கட்டணுமாம், எனக்கு ரெண்டு ஃபிளாட் தரானாம். ஜாய்சனுக்கு அதுதான் ஆசை. நான் முடியாதுன்னு சொல்லிகினே வந்தேன். கடைசியா ஜாய்சன் ஒரு வார்த்தை சொன்னான். டாடி, மாடி நிஜமாவே நாப்பத்தஞ்சுக்குப் போகும்னா வீட்டை வெச்சுக்கோ, நான் இனிமே பேசமாட்டேன், போகாதுன்னா கையெழுத்துப் போடுன்னு. பில்டர் சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருந்தான்."

அவர் பொட்டலத்தை மேஜை நடுவுக்குத் தள்ளிவைத்தார்.

"ஓஸ்வால்ட் அன்னைக்கி நாப்பத்தஞ்சுன்னு சொன்னப்ப, ஆண்டவரே இவன் வாய்ல வந்து பேசறார்னு நினைச்சேன்ப்பா. யாராச்சும் ஒருத்தர் கூப்பிட்டா போதும், ஜாய்சனுக்குக் காட்டிடலாம்னு. உங்களையெல்லாம் போகச் சொல்லுவேனா? ஸ்வல்ப, கொஞ்சம் ஏத்திக் குடுங்கன்னு சொல்லியிருப்பேன், அவ்ளோதான்." அவர் சிரிக்க முயன்றார். "ரிப்போர்ட் வந்ததும் ஜாய்சன் சொன்னான், பாரு டாடி, உன் கேரலே எழுதியிருக்காங்கன்னு. நேத்து போய் பில்டர்கிட்ட கையெழுத்தைப் போட்டுட்டேன்."

கேரல் எழுந்தாள். "அங்கிள், அது..."

"அறுபது போனுக்கு மேல வந்துச்சு அங்கிள்."

ஆஞ்சலா கதவில் நின்றாள். சுவரைக்கூடப் பிடித்திருக்கவில்லை. "திங்கட்கிழமைலர்ந்து. அண்ணன் பாத்ரூம்ல போய் பேசினான், மாடிப்படில போய் பேசினான். எல்லார்கிட்டயும் வீடு போயிடுச்சுன்னான். எனக்குக் கண்ணுதான் தெரியாது. நானும் பேசாம இருந்துட்டேன். எனக்காகத்தான் பொய் சொல்றான்னு தெரியும், இந்த வீடு எனக்கு வேணும்னு இருந்துச்சு. அதனால என்னையும் சேர்த்தே சொல்லுங்க."

ஆண்ட்ரூ ஓஸ்வால்டைப் பார்க்கவில்லை. கேரலைப் பார்த்தார். "நிஜமாம்மா?"

"நிஜம் அங்கிள்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எழுதும்போது எனக்குத் தெரியாது. அன்னைக்கு சாயங்காலமே தெரிஞ்சிடுச்சு. உங்ககிட்ட சொல்லலை."

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே."

"ஆமா அங்கிள்."

"நான் சனிக்கிழமை மத்தியானம்தான் போனேன்," என்றார். திட்டினாலாவது தாங்கியிருக்கலாம். அவர் திட்டவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், மடித்துப் பையில் வைத்தார். "எங்கப்பா கட்டின வீடு. நான் இந்த ரூம்லதான் பிறந்தேன்."

"கேன்சல் பண்ண முடியாதா அங்கிள்?" என்றான் ஓஸ்வால்ட். வாத்தியார் குரலே இல்லை, பரீட்சையில் தோற்ற பையன் குரல்.

"ஜாய்சன் டிக்கெட்டே போட்டுட்டான், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு வரான். இனிமே நான் சொல்லி யாரு நம்புவா? உங்களைக் காப்பாத்த நான் கதை விடறேன்னுதான் சொல்லுவான்." எழுந்தார். "மூணு மாசம் டைம் கேட்டு வாங்கியிருக்கேன், உங்களுக்காக. அதுக்குள்ள பார்த்துக்கோங்க." கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். பஃப்ஸ் பொட்டலம் பிரிக்காமலே மேஜையில் இருந்தது.

ஓஸ்வால்ட் தலையைக் கையில் தாங்கியபடி, "வேற வீடு பார்க்கலாம்," என்றான். யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை.

"அண்ணிகிட்ட கேளு," என்றாள் ஆஞ்சலா. "எங்க என்ன வாடகைன்னு அவங்களுக்குத்தானே தெரியும்."

கேரல் அந்த அடியை வாங்கிக்கொண்டாள். தகும் என்றுதான் தோன்றியது.

ஆஞ்சலா அறைக்குள் போய்ச் செருப்பு மாட்டி, கோலை எடுத்து வந்தாள். சாயங்காலப் பூசைக்கு இன்னும் நேரம் நிறைய இருந்தது. கேரல் பதறி எழுந்து அவள் முழங்கையைத் தொட்டாள். "நான் வரேன் ஆஞ்சலா. ப்ளீஸ். கூட வரேன்."

"வேணாம் அண்ணி." கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "மூணு மாசம் கழிச்சு நீங்க கூட வந்துதான் ஆகணும், எங்க போனாலும். அதுவரைக்கும் நான் தனியா நடந்துக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. கேரல் ஜன்னலுக்குப் போனாள். கீழே ஆஞ்சலா கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினாள். எதிர் வீட்டுக்காரர் வழக்கம்போல நடைபாதையில் ஏற்றி நிறுத்தியிருந்த காரை, கோல் படுவதற்கு முன்பே ஒதுங்கிக் கடந்து, பேக்கரிப் பக்கம் திரும்பி, வேகமாக நடந்து போனாள்.